நூற்றுக்குக் கால்

என் தங்கையின் கணவருக்கு நான் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கடன்பட்டிருந்தேன். ஆறே மாதத்தில் தருகிறேன் என்று வாங்கிய பணம். கொடுத்து முடிக்க ஐந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இது அவருடைய கதை. என் கதையாக ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் என்னைப் பற்றி நாலு வரி எழுதாமல் முடியாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இரவல் வாங்கிய ஒரு சார்ஜரை வைத்துக்கொண்டு ஒற்றைக் கதவுக் கடையில் பேட்டரி வேலை தொடங்கினேன். நாற்பது வருஷத்தில் அதை மூன்று கதவுக் கடையாக்கினேன். பின்பக்கம் ஈயம் உருக்கும் கொட்டகை, தட்டு காயவைக்கும் அறை, தட்டில் பூசும் ஈயத்தூள் மாவு பிசையும் தொட்டி என்று எல்லாம் என் கையால் கட்டியது. பழைய பேட்டரியை வாங்கி, உடைத்து, புதுத் தட்டு வார்த்து, புதிது போல விற்போம். பேட்டரி மூடியைத் திறந்து மோந்து பார்த்தே அதற்குள் எந்த செல் அறை செத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். என்ஜினியர் வந்து கருவி போட்டு அரை மணி நேரம் பார்த்துவிட்டு அதே அறையைத்தான் காட்டுவார். இது பெருமைக்கு எழுதுவதில்லை, பலர் பார்த்தது.

என் மாப்பிள்ளை, அதாவது தங்கை கணவர், ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் முப்பத்துநாலு வருஷம் கண்ணாடிக் குடுவை கழுவினார். அதுதான் வேலை. பேராசிரியர்கள் கலக்கிவிட்டுப் போவார்கள், இவர் கழுவிக் கவிழ்த்து வைப்பார். எங்கள் கடையில் அவருக்குக் குடுவைக்காரர் என்று பெயர். பெயர் வைத்தவன் நான்தான். டீ குடிக்கக் கொடுத்தால் தம்ளரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். பிறகு எழுந்து போய் மூன்று தண்ணீரில் அலசி, அதில் டீயை ஊற்றித் தரச் சொல்வார். என் ஆட்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அடுத்த முறையும் அலசுவார்.

பெண் பார்க்க வந்தபோது, சம்பளம் என்ன, மேல்வரும்படி என்ன என்று நான் கேட்டேன். மேல்வரும்படி என்றால் உடைந்த குடுவைதான், வேண்டுமானால் அதையும் கொண்டுவருகிறேன் என்றார். உள்ளே என் தங்கை சிரித்த சத்தம் கேட்டது. அதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஓர் அச்சகத்துக்குப் பின்னால் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து, இருபத்தெட்டு வருஷம் அங்கேயே இருந்தார்கள். முன்னறையில் ஒரு ஜன்னல். அதை ஒட்டித் தங்கை தையல் மிஷினைப் போட்டிருந்தாள், ஜன்னல் கட்டையில் அவர் புத்தகம் அடுக்கியிருந்தார். படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டாமென்று போட்ட புத்தகங்கள். அச்சு மிஷின் ஓடும்போது பாத்திரமெல்லாம் கடகடவென்று ஆடும். தங்கைக்கு அது பழகி, அது ஓடாத நாளில் தலைவலி வரும் என்பாள். அவளுக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றுதான். அந்த இரண்டு அறையை விலைக்கு வாங்க வேண்டும். வீட்டுக்காரரும், நீங்கள் ஓய்வு பெற்றதும் முதலில் உங்களைத்தான் கேட்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஓய்வுப் பணம் வந்ததும் அதைத்தான் முன்பணமாகக் கட்டுவது என்று கணவன் மனைவி இருவரும் பத்து வருஷமாகப் பேசி வைத்திருந்தார்கள்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரியில் சில வருஷமாகக் கருப்புப் பொடி ஒன்றைப் பேட்டரித் தட்டு மாவில் கலந்து சோதித்துக்கொண்டிருந்தார்கள். கரிதான். ஆனால் அடுப்புக் கரி இல்லை. ஒரு தலைமயிரை நீளவாக்கில் பல ஆயிரம் கீற்றாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ அவ்வளவு மெல்லிய குழாய்கள், அதற்குள்ளும் ஓட்டை இருக்கும் என்று மாப்பிள்ளை சொன்னபோது, நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. என் நோட்டில் படம் போட்டு விளக்கினார். மின்சார மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் பேட்டரியை ஒருநாளும் முழுசாக ஏற்றுவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், சவாரி இல்லாத நேரத்தில் கொஞ்சம் என்று ஏற்றுவார்கள். அரையும் குறையுமாக ஏறுகிற பேட்டரியில் மைனஸ் தட்டின் மேல் உப்புப் பூக்கும். பூத்தது கல்லாகும். கல்லானபின் மின்சாரம் உள்ளே போகாது. ஐந்தாறு மாதத்தில் பேட்டரி செத்துவிடும். இது நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்குத் தெரியாதது, மாவுக்குள்ளே இந்தக் கரிக்குழாய் கம்பி வலை மாதிரி பின்னி நின்றால் மின்சாரம் கல்லுக்குள்ளும் போய் அதைக் கரைக்கும் என்பது.

உங்களுக்கு எப்படித் தெரியும், குடுவை கழுவும்போது தெரிந்ததா என்று கேட்டேன்.

“சோதிச்சுச் செத்த பேட்டரியை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுறது நான்தான மச்சான். எந்த டப்பா குப்பைக்கு வரலைன்னு எனக்குத்தான தெரியும்” என்றார்.



மீந்த பொடியில் ஒரு ஜாடியைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கிவந்தார். ஒரு விடுமுறை நாளில், நான் ஈயம் வாங்க வெளியூர் போயிருந்தபோது, என் கடையில் அவரே மாவு பிசைந்து நாலு பேட்டரிக்கு மைனஸ் தட்டு பூசினார். ஒரு வண்டிக்கு நாலு பேட்டரி. நான் திரும்பி வந்தபோது தட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன, காலி ஜாடி கழுவிக் கவிழ்த்திருந்தது. பெரிய ஜாடி. எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன்.

“நூத்துக்குக் கால், மச்சான். அதுக்கு மேல போகக்கூடாது” என்றார்.

சரி என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நூற்றுக்குக் கால் என்ற அந்த இரண்டு சொல்லை இன்றுவரை என்னால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

அந்த நாலு பேட்டரியை வண்டிக்காரர் சங்கத் தலைவருக்குக் கொடுத்தேன். அவருக்கு ஹாரன் என்று பெயர். வண்டியில் ஹாரன் வேலை செய்யாது, அவர் தொண்டை வேலை செய்யும். ஆறாவது மாதம் பேட்டரி தூங்கும், வருவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. எட்டாவது மாதம் நானே தேடிப் போய்க் கேட்டேன். காலையில் எடுத்த வண்டியை மத்தியானம் வரைக்கும் நிறுத்துவதில்லை என்றார். பதினோராவது மாதம் அவரே பத்து பேரைக் கூட்டிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார். எல்லாருக்கும் அதே பேட்டரி வேண்டும். பாதிப் பணம் முன்னால் தந்தார்கள். பத்து வண்டி, நாற்பது பேட்டரி. என் கடை சரித்திரத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை.

நான் கணக்குப் போட்டேன். மனக்கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு பேட்டரிக்கு முப்பத்தாறு மைனஸ் தட்டு. நாற்பதுக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது தட்டு. நூற்றுக்குக் கால் கிலோ என்றால் மூன்று கிலோ அறுநூறு கிராம். சிந்துவது சிதறுவது சேர்த்து நாலு கிலோ. வியாபாரி கிலோ நாற்பத்தைந்தாயிரம் சொன்னார்.

முன்பணமாக வந்தது ஈயத்துக்கும் ஆசிட்டுக்கும் சரியாகப் போனது. பொடிக்குப் பணம் இல்லை. மாப்பிள்ளை ஓய்வு பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஓய்வுப் பணம் கைக்கு வந்திருந்தது, முன்பணம் கட்ட வீட்டுக்காரர் ஆறு மாதம் கெடு கொடுத்திருந்தார். தங்கை வீட்டுக்குப் போய், பொடி விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம், ஆறு மாதத்தில் முழுசாகத் திருப்பித் தருகிறேன், வீட்டுக்காரர் கெடுவுக்குள் கையில் இருக்கும் என்றேன்.

அவர் கொஞ்சம் திகைத்தார். கல்லூரியில் சார்களும் விலையைச் சொல்லித்தான் அழுவார்கள், ஆனால் பில்லை நான் பார்த்ததில்லை என்றார். எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. பெண் கொடுத்த அண்ணனிடம் கணக்குக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை. தங்கை மட்டும் உள்ளேயிருந்து வந்து, என் முன்னால் தண்ணீர் வைத்துவிட்டு, “ஆறு மாசம்ணே” என்றாள். அது கேள்வியா, எச்சரிக்கையா என்று எனக்குப் புரியவில்லை. ஆறு மாசம் என்று நானும் சொன்னேன்.

மாவு பிசைகிற அன்று காலையில் அவர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். பக்கத்தில் நிற்கிறேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது வருஷமாக மாவு பிசைகிறவனுக்கு, நேற்று வரைக்கும் குடுவை கழுவினவர் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டுமா. ஆட்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்பிள்ளை, முப்பத்துநாலு வருஷம் நின்னுட்டீங்க. இனிமேலாவது வீட்டுல காலை நீட்டி உக்காருங்க. இது என் கை பாத்துக்கும்” என்றேன்.

ஆட்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பொடியை நேராக ஈயத்தூளில் கொட்டக் கூடாது, தண்ணீரில் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டு, கட்டி இல்லாமல் நெடுநேரம் கலக்கிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் ஒழுங்காகச் செய்தேன். இரண்டு மணி நேரம் கலக்கினேன்.

மாவு வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தது. ஊற்ற ஊற்ற உள்ளே போனது. கையில் எடுத்தால் மை மாதிரி கருப்பு. அடுப்பில் வைத்த ஈயம் போலக் கனமாக இருக்க வேண்டிய மாவு பஞ்சு போல இருந்தது. புதுச் சரக்கு, அதன் குணம் அப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதே மாவை வேறு கடையில் யாராவது பிசைந்திருந்தால், தொட்டுப் பார்த்தே இது சரியில்லை என்று சொல்லியிருப்பேன்.

முதல் மூன்று வாரம் நான் தரையில் நடக்கவில்லை. பேட்டரி தொட்டால் ஏறியது. ஒரு மணி நேரத்தில் ஏறுகிறது என்றார்கள். கடை வாசலில் புதுப் பலகை எழுதி மாட்டினேன். வந்தவர் போனவரிடமெல்லாம், ஐந்தாம் வகுப்பு படித்தவன் செய்ததைக் கல்லூரியில் செய்யட்டும் பார்க்கலாம் என்றேன். மாப்பிள்ளை பெயரை எங்கேயும் சொல்லவில்லை. பாராட்டைப் பங்கு போட எனக்கு மனசு வரவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நாலாவது வாரம் ஒருவர் வந்து, பேட்டரி கொதிக்கிறது, தண்ணீர் நிற்கவில்லை என்றார். ஊற்றிக்கொண்டிரு என்றேன். அடுத்த வாரம் மூன்று பேர். இரண்டாவது மாத முடிவில் பத்து வண்டியும் என் கடை முன்னால் வரிசையாக நின்றன, தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியவை. திறந்து பார்த்தேன். தண்ணீர் வற்றித் தட்டுகள் வெளியே தெரிந்தன. மாவு உதிர்ந்து அடியில் கருப்புச் சேறாகக் கிடந்தது. மோந்து பார்க்கத் தேவையில்லை.

ஹாரன் அன்றைக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருவர் தன் பையன் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டவில்லை என்றார். ஒருவர் வண்டிக்கே தவணை கட்ட வேண்டும் என்றார். தெருவே நின்று பார்த்தது. அந்த நேரம் பார்த்து, விஷயம் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்.

“என்ன முதலாளி, வாயத் திறங்க. பலகையில எழுதும்போது மட்டும் கை நீண்டுச்சே” என்றார் ஹாரன்.

நான் வாயைத் திறந்தேன். “பொடி என்னுது இல்ல. இதோ நிக்கிறாரே, என் தங்கச்சி வீட்டுக்காரர், அவர் காலேஜ்லருந்து கொண்டாந்த வித்தை. அளவும் அவர் சொன்னதுதான். அவரைக் கேளுங்க” என்றேன்.

பத்து பேரும் திரும்பினார்கள். அவர் ஒரு பேட்டரி முன்னால் உட்கார்ந்து, விரலை விட்டு அந்தச் சேற்றை எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, “நான் சொன்னதுதான். எங்கயோ எனக்குத்தான் தப்பியிருக்கு” என்றார்.

நல்லா எங்க மூஞ்சில கரியப் பூசினீங்க என்று ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவருக்குக் கரிபூசி என்று பெயர். நான் வைத்த பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்டூலில் உட்கார்ந்தார். தட்டை மேஜைமேல் வைத்தார்.

“மச்சான், நூத்துக்கு எவ்வளவு போட்டீங்க?”

“நீங்க சொன்ன கால்தான். கால் கிலோ. ஒரு கிராம் கூடக்குறைய இல்ல.”

“நூறுன்னா எது நூறு?”

“எது நூறா? நூறு தட்டு.”

எங்கள் கடையில் நூறு என்றால் தட்டுதான். கூலி நூற்றுக்கு இவ்வளவு, ஈயம் நூற்றுக்கு இவ்வளவு, அட்டை நூற்றுக்கு இவ்வளவு. வேறு நூறு எங்களுக்குக் கிடையாது. அவர் இருந்த இடத்தில் நூறு என்றால் எடை. நூறு கிலோ மாவுக்குக் கால் கிலோ பொடி. நூறு தட்டில் இருப்பது பத்துக் கிலோ மாவுதான். நான் பத்து மடங்கு போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவருடைய பெரிய ஜாடியில் இருந்தது பஞ்சு மாதிரி லேசான பொடி, எடையில் நாற்பது கிராம்கூட வராது.

“நான் எடையச் சொன்னேன் மச்சான்” என்றார். குரலில் குற்றம் சாட்டுவது போல ஒன்றுமே இல்லை. வழி தவறி வந்தவருக்கு வழி சொல்வது மாதிரி சொன்னார்.

அப்போதுதான் இன்னொரு கணக்கும் எனக்கு உறைத்தது. சரியான அளவென்றால் நாற்பது பேட்டரிக்கும் சேர்த்து அரைக் கிலோ பொடிகூடத் தேவைப்பட்டிருக்காது. பதினாறாயிரத்துச் சொச்சம். அந்தப் பணம் அன்றைக்கு என் மேஜை டிராயரிலேயே இருந்தது. அவரிடம் நான் கை நீட்டியிருக்கவே வேண்டாம். அவருடைய முப்பத்துநாலு வருஷத்தை வாங்கி, அவர் சொன்ன நல்ல சரக்கைக் கெடுப்பதற்காகவே செலவழித்திருக்கிறேன்.

அவரும் அதைக் கணக்குப் போட்டிருப்பார். சொல்லவில்லை. தட்டை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டே, இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

“என் பேரு போனா யாருக்கு நட்டம்? என்கிட்ட யாரும் பேட்டரி வாங்க வரப்போறதில்ல. உங்க பேரு போனா கடை போச்சு. கடை போனா என் பணம் எங்கருந்து வரும்?”

அதில் நியாயம் இருந்தது. என் மானத்துக்கு அவர் ஒரு நியாயத்தையும் தேடிக் கொடுத்தார். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தங்கையிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

வண்டிக்காரர்களுக்கு முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. சரக்கு வண்டியை விற்றேன். மனைவி கழுத்தில் கிடந்ததை விற்றேன். ஒன்றே முக்கால் வருஷத்தில் பத்து பேருக்கும் தீர்த்தேன். வெளியாள் வாசலில் நின்று கத்துவான். தங்கை கணவர் கத்தமாட்டார். அதனால் அவரைக் கடைசியில் வைத்தேன்.

ஆறு மாதக் கெடு முடிந்ததும் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்தார், நல்ல மனிதர். பிறகு இரண்டு அறையையும் அச்சகத்துக்காரருக்கே விற்றுவிட்டார். அவர் நடுச்சுவரை இடித்து அங்கே காகிதக் கட்டு அடுக்கினார். சாமான் ஏற்றுகிற அன்றைக்கு நான் போனேன். தங்கை தையல் மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினாள். நான் கை கொடுத்தேன். “இருக்கட்டும்ணே” என்றாள். அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை.

அறுபது வயதுக்காரருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நான்தான் சொல்லிவிட்டேன். எனக்கு ஈயம் கொடுக்கிறவரின் உருக்குப் பட்டறையில் பழைய பேட்டரி உடைக்கிற வேலை. உபகாரம் செய்கிறேன் என்று நினைத்துத்தான் சேர்த்துவிட்டேன். பட்டறைக்குப் பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட ஓர் அறையும் கிடைத்தது. கோடாலியால் பேட்டரியைப் பிளந்து, ஆசிட்டைச் சாய்த்து, தட்டைப் பிரித்து உலையில் போட வேண்டும். புகை தலைக்குமேல் நிற்கும். சாம்பல் பழுப்பாகச் சோற்றிலும் விழும். அங்கே போனால் தம்ளரை எத்தனை தண்ணீரில் அலசினாலும் ஒன்றுதான்.

எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஈயம் உடம்பில் ஏறும் என்று தெரியும். பால் குடித்தால் இறங்கிவிடும் என்று சொல்லிக்கொள்வோம். இறங்காது. நான் கொட்டகையில் நிற்பது நாளில் ஒரு மணி நேரம். அவர் நின்றது பத்து மணி நேரம். முதல் வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். இரண்டாவது வருஷம் ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு விழுந்தது. மூன்றாவது வருஷம் ஒருநாள் கோடாலியை ஓங்கினார், கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. கோடாலி பின்னால் விழுந்தது. வலது கை. தூக்க நினைத்தால் முழங்கை வரும், மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் வராது. வாடிய இலை காம்பிலிருந்து தொங்குவது மாதிரி தொங்கும்.

மருத்துவமனைக்கு நான் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தத்தில் இருக்கிற ஈயத்தின் அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். மருந்தில் கொஞ்சம் இறங்கலாம், கை திரும்புமா என்று சொல்ல முடியாது, அந்தப் பட்டறைப் பக்கம் இனிமேல் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றார் டாக்டர். மாப்பிள்ளை சீட்டை இடது கையில் வாங்கி, எழுதியிருந்த எண்ணை நெடுநேரம் பார்த்தார். இது எதுக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டார். எத்தனை ரத்தத்துக்கு எத்தனை ஈயம் என்று டாக்டர் விளக்கினார். கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது என்று மட்டும் மாப்பிள்ளை சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை.

அன்றிலிருந்து நான் கடையை விற்க ஆரம்பித்தேன்.

ஒரே நாளில் விற்றிருப்பேன், வாங்க ஆள் இல்லை. ஈயப் பேட்டரிக் கடைக்கு இப்போது யார் வருகிறார்கள்? முதலில் அச்சுகள் போயின. பிறகு சார்ஜ் பலகை. பிறகு தொட்டி, உருக்குச் சட்டி, காய்ச்சும் அடுப்பு. கடைசியாகக் கடையையே செல்போன் பழுது பார்க்கிற ஒருவர் எடுத்துக்கொண்டார். எனக்கென்று வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சுயமாக வந்தவன், சுயமாகப் போகிறேன். அது பற்றி யாரிடமும் புலம்பியதில்லை.

பணம் சேர்ந்ததும் நேரே தங்கை வீட்டுக்குப் போகவில்லை. முதலில் வண்டிச் சங்கத்துக்குப் போனேன். தெருவறிய மாப்பிள்ளை தலையில் போட்ட பழியைத் தெருவறிய எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். ஹாரன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொண்டை கம்மிப்போயிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூற்றுக்குக் கால் என்று மாப்பிள்ளை சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன், தப்பு முழுசும் என்னுடையது, பொடி நல்ல பொடி, மனிதர் நல்ல மனிதர் என்று. பத்து பேரையும் கூப்பிடுங்கள், எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றேன்.

அவர் துணியைப் பிழிந்து உதறினார்.

“எந்தப் பேட்டரி முதலாளி? எல்லாரும் லித்தியம் மாத்தி ரெண்டு வருசம் ஆச்சு. பத்துல நாலு பேரு வண்டியே வித்துட்டாங்க. அந்தக் கரிபூசி யாருன்னு கேட்டா புதுப் பசங்களுக்குத் தெரியாது. விடுங்க, டீ சாப்பிடுறீங்களா?”

நான் டீ சாப்பிடவில்லை. மாப்பிள்ளை சுமந்த பழியை இறக்கிவைக்க ஓர் இடம்கூட மிச்சம் இல்லை என்று அந்த வாசலில்தான் எனக்குப் புரிந்தது. அவர் சுமந்தது சுமந்ததுதான்.

டாக்டர் சொல்லியும், வேறு இடத்துக்கு வாடகை கொடுக்க வழியில்லாமல் அவர்கள் அந்தத் தகரக் கூரை அறையிலேயே இருந்தார்கள். அங்கே மத்தியானம் போனேன். பட்டறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்திருந்தார். நெற்றி எலும்பு தெரிந்தது. தங்கை மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே அவளிடம் சொன்னேன். ஹாரனிடம் சொன்னதையே சொன்னேன், ஆனால் அங்கே வந்த மாதிரி வார்த்தை வரவில்லை. பதினாறாயிரம் என் டிராயரில் இருந்ததையும் சொன்னேன்.

மிஷின் நின்றது.

“எனக்குத் தெரியும்ணே. இவரு என்கிட்ட மறைப்பாரா? நாலு வருசத்துக்கு மேல பேசாம இருந்தது பணத்துக்காகன்னு நெனச்சீங்களா? நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன்” என்றாள்.

“நீ சும்மா இரு. மச்சான் உக்காரட்டும்” என்றார் அவர்.

மடியிலிருந்து பணத்தை எடுத்தேன். அந்த மாதிரி இரண்டு அறையின் முன்பணத்துக்கு இது இன்றைக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் காணாது. மூன்று பேருக்கும் அது தெரியும். கட்டாகப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று குனிந்தேன்.

“கட்டா வைக்காதீங்க. அவர் கையில குடுங்க. ஒவ்வொண்ணா எண்ணிக் குடுங்க” என்றாள் தங்கை.

“எதுக்கும்மா, மச்சான் எண்ணாமலா கொண்டுவந்திருப்பாரு” என்றார்.

“எண்ணட்டும்” என்றாள்.

எழுந்து வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தொங்கிய அவர் வலது கையை எடுத்துத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரியும்படி தன் மடியில் வைத்து, மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். ஆசிட் தின்ற ரேகைகளுக்குள் ஈயக் கருப்பு ஏறி அப்படியே உறைந்திருந்தது. விரல்கள் பாதி விரிந்து கிடந்தன. நான் எச்சில் தொட்டு முதல் நோட்டை வைத்தேன். ஒன்று என்று வாய்விட்டுச் சொன்னேன். இரண்டாவதை வைத்தேன். இருபது முப்பது ஆனதும் நோட்டுகள் சரிந்தன, தங்கை தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். நிறைந்ததும் எடுத்துத் தலையணைப் பக்கம் வைப்பாள், கை மறுபடி காலியாக விரிந்து கிடக்கும், நான் விட்ட எண்ணிலிருந்து தொடங்குவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முந்நூற்று அறுபது நோட்டு. ஓர் இடத்தில்கூட நான் எண்ணிக்கை தவறவில்லை. கடைசி நோட்டை வைத்துவிட்டுச் சரியா என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறந்து, உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்து, சரி என்றார்.